கலாபவனத்தின் ஆசான்: நந்தலால் போஸ்

ஓவியர் ஒருவரது வரலாற்றை எழுதப் புகுவோர் அவர் தீட்டிய படங்களைக் கால அடைவில் வரிசைப்படுத்தி, அவற்றின் பாணியை விளக்கி, பெற்ற பரிசுகளையும் பட்டங்களையும் குறிப்பிட்டு அமைவதே வழக்கம். நந்தலால் போஸைப் பொறுத்தவரை இம்முறை அவரது பணியின் பாதியையே காட்டும். புதுடில்லியிலுள்ள தேசிய நவீன கலைக்கூடம் அவருடைய ஆக்கங்கள் ஏறத்தாழ 7,000ஐப் பேணி வருகின்றது. ஆயினும் அவரது வாழ்நாளின் செம்பாகம் சாந்திநிகேதனத்தில், பிறர் கையையும் கண்ணையும் பழக்குவதிலேயே கழிந்தது. அங்குள்ள கலாபவனத்துக்கு 1920களின் தொடக்கம் முதல் 1951 வரை அவரே தலைவராக இருந்தார். அக்காலத்தில் அங்கு பயின்றவர்களுள் வினோதபிகாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ், கே. ஜி. சுப்பிரமணியன் ஆகிய மூவரை மட்டும் ஒருங்கு நிறுத்தி நோக்கினும் ஒருண்மை புலனாகும். இம்மூவரும் ஒருவரையொருவர் ஒத்தவரல்லர், ஆசிரியரையும் ஒத்தவரல்லர். குருவின் பாணியைப் போற்றிப் படியெடுப்பதையே பெரும்பாலும் வழக்காகக் கொண்டுவிட்ட ஓர் இயக்கத்தின் நடுவிலிருந்து புறப்பட்ட ஆசிரியர் ஒருவரிடம் இத்தகைய மாணாக்கர் தோன்றியது எவ்வாறு என்பது ஆராயத்தக்கதாகும்.

நந்தலால் 1882ஆம் ஆண்டு திசம்பர் 3ஆம் நாள் பீகாரிலுள்ள ஹவேலி கரக்பூரில் வங்காளிக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் தர்பங்கா அரசரின் நிலப்பண்ணை நிருவாகத்திற் பணிபுரிந்தவர். தாயார் பொம்மை செய்வதிலும் கைவினையிலும் வல்லவர். மைந்தன் சிறுவனாயிருக்கும்போதே காலமானார். ஊர்க் குயவரும் பொம்மை செய்வோருமே சிறுவனுக்கு முதலாசிரியர் ஆயினர் எனின் அது மிகையன்று. மேற்படிப்புக்காகக் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்ட அவர் கல்லூரித் தேர்வுகளிற் சித்தியெய்தவில்லை. வணிகப் படிப்பும் கைகூடவில்லை. குடும்பத்தார் விரும்பிய உத்தியோக வழி அடைபட்ட பின்னரே அவர் கல்கத்தா அரசினர் கலைப் பாடசாலையின் வாயிலை அடைந்தார்.

அவர் அங்குச் சென்ற காலம் குறிப்பிடத்தக்கது. ஆங்கில ஆட்சியினர் இந்திய நகரங்களில் நிறுவிய கலைப் பாடசாலைகள் இலண்டன் சவுத் கென்சிங்டன் முறையைத் தழுவியவை. கிரேக்கச் சிலைகளின் சாந்து வார்ப்புகளை முன்வைத்து, நிழலும் ஒளியும் பிசகாது வரையப் பழக்குவதே அவற்றின் பயிற்சியாக இருந்தது. 1896இல் கல்கத்தாப் பாடசாலையின் அதிபராக வந்த ஈ. பி. ஹவெல் இம்முறையைக் கைவிட்டு, முகலாய, இராசபுத்திரச் சிற்றோவியங்களை மாணவர்முன் வைத்தார். 1905இல் அவனீந்திரநாத தாகூர் உப அதிபரானார். வங்கப் பிரிவினையும் அதனை எதிர்த்தெழுந்த சுதேசி இயக்கமும் அதே ஆண்டில் நிகழ்ந்தன. எனவே தூரிகையை எந்த மரபிற் பிடிப்பது என்ற வினா அன்று வெறுங் கலைவினாவாக இருக்கவில்லை. அஃது அரசியல் வினாவாகவும் இருந்தது.

இச்சூழலோடு இலங்கையிற் பிறந்த அறிஞர் ஒருவருக்கும் தொடர்புண்டு. ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலை 1908இல் வெளியிட்ட ஆனந்த குமாரசுவாமி, அதனையடுத்த ஆண்டுகளில் கல்கத்தா சென்று தாகூர் குடும்பத்தாரோடு நெருங்கிப் பழகினார். சகோதரி நிவேதிதை தொடங்கி, அவர் மறைவின் பின் குமாரசுவாமி முடித்து 1913இல் வெளிவந்த இந்து, பௌத்த புராணக் கதைகள் பற்றிய நூலுக்கு அவனீந்திரரின் மேற்பார்வையிற் படம் வரைந்தோருள் நந்தலாலும் ஒருவர். அதற்கு முன்னரே, 1908இல் நடைபெற்ற கண்காட்சியொன்றில் ‘சதி’ என்ற ஓவியத்துக்காக 500 ரூபாய் பரிசு பெற்றுப் பெயர் பெற்றிருந்தார். அப்பணத்தை அவர் இந்தியாவின் பழைய கோயில்களையும் சிற்பங்களையும் காணச் செல்வதற்கே செலவிட்டார்.

அவனீந்திரரிடம் நந்தலால் கற்ற மிகப் பெரிய பாடம் ஓவிய நுட்பம் பற்றியதன்று. அவனீந்திரர் தாமே பிற்காலத்திற் கூறிவைத்த நிகழ்ச்சியொன்று இதற்குச் சான்றாகும். நந்தலால் ஒருமுறை உமையின் தவத்தை ஓவியமாகத் தீட்டிக் குருவிடம் காட்டினார். வண்ணம் குறைந்து, அணியெதுவுமின்றி, படம் முழுதும் வறண்ட தவக்கோலமாகவே இருந்தது. உமைக்குச் சற்றே அணிசெய்து வண்ணமும் கூட்டலாம் என்று குரு ஆலோசனை கூறினார். மாணவரும் தலையசைத்துச் சென்றார். அன்றிரவு அவனீந்திரருக்கு உறக்கம் வரவில்லை. தாம் உமையை ஒருவகையிற் காண, நந்தலால் மற்றொரு வகையிற் கண்டிருக்கக்கூடும் என்ற எண்ணம் அவரை வருத்தியது. பொழுது புலருமுன் மாணவரின் இருப்பிடத்துக்கு விரைந்தார். நந்தலால் அப்போதுதான் தூரிகையை எடுத்துத் திருத்தம் செய்ய முனைந்துகொண்டிருந்தார். அதனைத் தடுத்த பின்னரே குருவுக்கு ஆறுதல் ஏற்பட்டது. மாணவன் கண்ட காட்சியில் ஆசிரியன் கைவைத்தலாகாது என்பதை ஒரு விரிவுரையால் உணர்த்தியிருக்க முடியாது. பின்னாளிற் கலாபவனத்தில் நந்தலால் மேற்கொண்ட நெறியின் வித்து இந்நிகழ்ச்சியிலேயே உளது.

எனினும் குருவின் பாணி அவரைக் கட்டுப்படுத்தவே செய்தது. நீர்வண்ணத்தைப் பூசிப் பூசிக் கழுவி, உருவங்களை மூடுபனியில் மிதப்பனபோற் காட்டும் முறை, கல்கத்தா வந்த யப்பானிய ஓவியர்களின் தொடர்பால் அவனீந்திரர் வகுத்துக்கொண்டது. அஃது அவரது கையிற் கவிதையாக இருந்தது. பின்பற்றியோர் பலரின் கையில் வெறுஞ் சோர்வாக மாறிற்று. நந்தலாலை இதனின்றும் மீட்டது சுவர். அஜந்தாக் குகை ஓவியங்களைப் படியெடுக்க 1909இல் சீமாட்டி ஹெரிங்காம் மேற்கொண்ட முயற்சிக்கு உதவியாக, நிவேதிதையின் தூண்டுதலால் அனுப்பப்பட்ட இளைஞருள் அவரும் ஒருவர். கைத்தலத்தளவான தாளிற் பழகிய கண், அங்கே தூணிடையிலும் விதானத்திலும் மனிதரும் விலங்கும் மரமும் நெருங்கிய பேருலகொன்றை எதிர்கொண்டது. கோட்டின் உறுதியால் உருவம் நிற்பதையும், ஓவியம் கட்டடத்தின் உறுப்பாக விளங்குவதையும் அவர் அங்கேதான் உணர்ந்தார். 1921இற் பாக் குகைகளிலும் இதே பணியைச் செய்தார்.

மற்றொரு தூண்டுதல் யப்பானிய அறிஞர் ஒக்காகுரா ககுசோவிடமிருந்து வந்தது. 1912இற் கல்கத்தா வந்திருந்த அவர், மூன்று நெருப்புக்குச்சிகளை முக்கோணமாக அடுக்கி, ஒன்று இயற்கை, ஒன்று மரபு, ஒன்று கலைஞனின் தனித்தன்மை என விளக்கினார். இயற்கையை மட்டும் நம்பினால் நகலாகும், மரபை மட்டும் நம்பினாற் சடங்காகும், தனித்தன்மையை மட்டும் நம்பினாற் பித்தாகும் என்பது அவ்விளக்கத்தின் சாரம். நந்தலால் வாழ்நாள் முழுதும் மாணவர்க்கு எடுத்துரைத்தது இம்முக்கோணத்தையே.

இரவீந்திரநாத தாகூர் 1919இற் கலாபவனத்தைத் தொடங்கியபோது அங்கு வந்த நந்தலால், குருவின் விருப்பத்துக்கிணங்க விரைவிலேயே கல்கத்தாவுக்குத் திரும்ப நேர்ந்தது. கல்கத்தாவிலிருந்த கீழைக்கலைச் சங்கத்துக்கும் சாந்திநிகேதனத்துக்கும் இடையே அவர் இழுபட்டார். குரு ஒரு புறம், கவிஞர் மறுபுறம். இருவரும் ஒரே குடும்பத்தவர், சிறிய தந்தையும் மகனும் முறையினர். ஈற்றிற் கவிஞரின் பக்கமே வென்றது. இத்தெரிவு அவரது கலையின் திசையையே மாற்றியது. கல்கத்தாவில் அவர் தொடர்ந்திருப்பின் கண்காட்சி மண்டபங்களுக்கும் செல்வர் சேகரிப்புகளுக்கும் படம் தீட்டும் சிறந்த ஓவியராக விளங்கியிருப்பார், அவ்வளவே.

கலாபவனத்தில் அன்று வகுத்த பாடத்திட்டம் இல்லை. ஆண்டிறுதித் தேர்வை மையமாகக் கொண்ட கல்வியும் இல்லை. செம்மண் வெளியும், பனைமரமும், சந்தால் மக்களின் குடிசைகளும், கோபாய் ஓடையும் வகுப்பறைகளாயின. நந்தலால் சிறு அட்டைகளைச் சட்டைப்பையிற் கொண்டு திரிவார். ஆடு, குடைபிடித்து நடப்பவர், மழைக்கு முந்திய வானம் எனக் கண்ணிற்பட்டவை உடனே அட்டையில் ஏறும். அவற்றையே அஞ்சலட்டைகளாக மாணவருக்கும் நண்பருக்கும் அனுப்பினார். இவ்வாறு அவர் வரைந்தவை ஆயிரக்கணக்கின. ஓவியனின் அன்றாட மூச்சு எத்தகையது என்பதை இவ்வட்டைகள் சொல்லாமற் சொல்லின.

கைவினைக்கும் கலைக்குமிடையே மேனாட்டுக் கலைக்கூடங்கள் எழுப்பிய மதிலை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. பிரெஞ்சு ஓவியை அந்திரே கார்ப்பெலே மரச்செதுக்கு அச்சைக் கற்பித்தார். ஜெய்ப்பூரிலிருந்து நர்சிங்கலால் என்னும் கொத்தனார் வரவழைக்கப்பட்டு, ஈரச் சுதையில் வண்ணந் தீட்டும் நுட்பத்தை ஆசிரியரும் மாணவரும் அவரிடம் ஒருங்கே பயின்றனர். வீட்டு முற்றத்தில் வங்கப் பெண்கள் இடும் கோலமாகிய ஆல்பனா, சுகுமாரி தேவி என்னும் அம்மையாரால் பாடமாகவே கற்பிக்கப்பட்டது. தமிழ்ப் பெண்கள் நாடோறும் வாசலில் இடுவதைக் கல்விக்கூடமொன்று கலையென மதித்த அந்நாளில், அது சிறு செயலன்று. மறுபுறம் ஸ்டெல்லா கிராம்ரிஷ் என்ற அறிஞர் ஐரோப்பிய நவீன கலை வரையிலான வரலாற்றை விரிவுரைகளால் அறிமுகஞ் செய்தார். 1924இல் நந்தலால் கவிஞருடன் சீனாவுக்கும் யப்பானுக்கும் சென்று வந்தார்.

வினோதபிகாரி முகர்ஜி கலாபவனத்தின் தொடக்ககால மாணவர். அவருக்கு ஒரு கண் பார்வையற்றது. மறு கண்ணிலும் பார்வை மிகக் குறைவு. இத்தகைய இளைஞன் ஓவியனாக முடியுமா என்ற ஐயம் நந்தலாலுக்கே எழுந்தது. தாகூரிடம் அதனை வெளியிட்டபோது, அம்மாணவன் ஈடுபாட்டுடன் வேலை செய்கிறானாயின் அவன் வழியை அவனே தேடட்டும், தடுக்க வேண்டா என்ற கருத்தில் விடை கிடைத்தது. நந்தலால் அதன்பின் அவ்வையத்தைக் கைவிட்டார். அவ்விளைஞரே 1946, 1947 ஆண்டுகளில் இந்தி பவனச் சுவர்களில் இடைக்கால இந்திய அடியார்களின் வாழ்வைப் பெருஞ் சுவரோவியமாக்கினார். ஆசிரியரின் சுவரோவியங்கள் எவற்றினும் அது மேம்பட்டதென்றே துணிந்து கூறலாம். 1956இல் அவர் பார்வையை முற்றாக இழந்த பின்னரும் படைத்துக்கொண்டிருந்தார். 1940 முதல் 1942 வரை கலாபவனத்திற் பயின்று, படிப்பை முடிக்காமலே வெளியேறிய மாணவரொருவர், பின்னர் 1972இல் வினோதபிகாரியைப் பற்றிய விவரணப் படமொன்றை எடுத்தார். அவர் சத்யஜித் ராய்.

ராம்கிங்கரின் வழி முற்றிலும் வேறு. பாங்குராவில் நாவிதர் குடும்பமொன்றிற் பிறந்த அவர் 1925இற் சாந்திநிகேதனம் வந்து தம் படங்களைக் காட்டியபோது, எல்லாம் கற்றாயிற்றே, இனி இங்கு எதற்கு, சரி, இரண்டு மூன்று ஆண்டு இருந்து பார் என்ற பாங்கில் நந்தலால் கூறினாராம். அந்த இரண்டு மூன்று ஆண்டுகள் முடியவேயில்லை என்று ராம்கிங்கர் பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆசிரியருக்கு எண்ணெய் வண்ணத்தில் விருப்பமில்லை; ராம்கிங்கர் எண்ணெய் வண்ணத்திலே தீட்டினார். ஆசிரியர் ஐரோப்பிய நவீன பாணிகளை ஐயத்தோடு நோக்கினார். மாணவர் கியூபிசத்தைத் தயங்காது எடுத்தாண்டார். ஆயினும் 1935இல் ராம்கிங்கர் மரங்களிடையே நெடிதுயர்ந்த பெண்ணுருவொன்றைச் சமைத்தபோது, அதன் தலையில் ஒரு கலத்தை வைக்குமாறு நந்தலால் கூற, அஃது உடனே புத்தருக்குப் பாயசம் கொண்டு செல்லும் சுசாதையாயிற்று என்பர். 1938இல் செம்பரற்கல்லும் சீமெந்தும் கலந்து திறந்தவெளியில் எழுப்பிய ‘சந்தால் குடும்பம்’, அரசரும் தலைவரும் அல்லாத உழைப்பாளரை இந்தியப் பொதுவெளிச் சிற்பத்தின் நடுவே நிறுத்தியது. ஆசிரியருக்கு முழுதும் உடன்பாடில்லாத ஒரு கலை, அவர் தலைமை தாங்கிய வளவுக்குள்ளேயே, அவரது இசைவோடு வளர்ந்தது. இவ்விசைவு எளிதிற் கிட்டுவதன்று என்பதைக் கல்விக்கூடங்களை அறிந்தோர் அறிவர்.

1930களின் நடுப்பகுதியில் மாணவர் விடுதியாக மண்ணாற் கட்டிக் கரிநெய் பூசப்பெற்ற ‘கறுப்பு வீடு’ம் இவ்வகையிற் கருதத்தக்கது. பழைய நாகரிகங்களின் சிற்பங்களைத் தழுவிய புடைப்புருவங்களை அதன் சுவர்களில் மாணவர்களே அமைத்தனர். இன்னாரது ஆக்கம் எனப் பெயர் பொறிக்கும் எண்ணம் அங்கு முதன்மை பெறவில்லை.

1934இற் கவிஞர் தம் ‘சாபமோசனம்’ நாட்டிய நாடகக் குழுவுடன் இலங்கை வந்தபோது நந்தலாலும் உடன் வந்தார். ஹொரணையில் சாந்திநிகேதனத்தை முன்மாதிரியாகக் கொண்ட சிறீபாலி நிறுவனத்துக்குத் தாகூர் அடிக்கல் நாட்டியது அப்பயணத்திலேயே. கலைக்கல்வி ஊரின் மண்ணிலும் விழாவிலும் வேரூன்ற வேண்டும் என்ற எண்ணம் அவ்வழியாக இந்நாட்டையும் எட்டியது.

நந்தலாலின் அரசியற் பங்களிப்பு 1930இல் தொடங்கியது எனலாம். தண்டி யாத்திரையையொட்டி, கோலூன்றி நடக்கும் காந்தியைக் கரிய பின்னணியில் வெள்ளைக் கோடுகளால் லினோலியத்திற் செதுக்கி அச்சிட்ட படம் அவ்வாண்டிற்குரியது. அதே ஆண்டில் வெளிவந்த ‘சகஜ பாடம்’ என்னும் தாகூரின் பாலபாட நூலுக்கும் அவரே செதுக்குப்படங்கள் அமைத்தார். வங்கக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக முதன்முதற் கண்ட ஓவியங்கள் அவையே. எந்தக் கண்காட்சியும் அவருக்கு அத்தனை பார்வையாளரைத் தந்திருக்க முடியாது.

1936இல் லக்னோவிலும், அவ்வாண்டிறுதியிற் பைஸ்பூரிலும் நடந்த காங்கிரஸ் மாநாடுகளின் கலைப்பணியைக் காந்தி அவரிடம் ஒப்புவித்தார். பைஸ்பூர் ஒரு கிராமம். மூங்கிலும் ஓலையும் போன்று அவ்வூரிற் கிடைப்பவற்றைக் கொண்டே மாநாட்டு நகர் அமைக்கப்பட்டது. 1938 பெப்ரவரியில், சுபாஷ் சந்திர போஸின் தலைமையிற் குஜராத்தின் ஹரிபுராவிற் கூடிய மாநாட்டுக்கென எண்பதுக்கும் மேற்பட்ட படங்களை அவர் தாமே தீட்டினார். மாணவர் அவற்றைப் பார்த்து மேலும் பல படிகளை ஆக்கினர். சுவரொட்டிகள் என்று பெயர் பெற்றாலும் அவற்றில் முழக்கமோ வாசகமோ இல்லை. கையாற் செய்த தாளில், மண்வண்ணங்களில், விரைந்த தடித்த கோடுகளில் பறையறைவோன், தச்சன், செருப்புத் தைப்பவன், வேட்டுவன், மல்லன், நூல் நூற்பவள், சமைப்பவள் ஆகியோர் தத்தம் தொழிலில் ஈடுபட்டிருக்கின்றனர். காளிகாட் படுவா ஓவியரின் வேகமும் அஜந்தாவின் கோட்டுறுதியும் அவற்றில் இணைந்தன. பந்தல்களிலும் வாயில்களிலும் வெயிலிலும் தூசியிலும் தொங்கவிடப்பட்ட அப்படங்களை, ஓவியக்கூடத்தின் படியை ஒருபோதும் மிதித்திராத மக்கள் கண்டனர். அவனீந்திரரின் மூடுபனி ஓவியத்திலிருந்து அவர் மாணவர் எத்துணைத் தொலைவு வந்துவிட்டார் என்பதை ஹரிபுரா காட்டிற்று.

ஆயின் அப்படங்களை விமரிசனமின்றி ஏற்பதும் பொருந்தாது. அவற்றிலுள்ள உழைப்பாளர் எவரும் களைத்திலர், பசித்திலர். கடனும் குத்தகையும் அவ்வுலகில் இல்லை. காந்தியக் கிராமத்தின் இலட்சியப் படிமமே அங்கு காட்சியளிக்கின்றது. ஐந்தே ஆண்டுகளில், 1943இல், வங்கம் பெரும் பஞ்சத்துக்குள்ளாகி இலட்சக்கணக்கானோர் மாண்டனர். தெருவோரப் பிணங்களை நேர்நின்று வரைந்தோர் சித்தபிரசாத், ஜைனுல் ஆபிதீன் போன்ற இளையோரே. நந்தலாலின் மறுமொழி புராண வடிவில் வந்தது. அன்னபூரணியின் முன் எலும்புக்கூடாய் ஆடும் சிவன் அவர் அவ்வாண்டு தீட்டிய ஓவியத்தில் நிற்கிறான். இது மரபுக்குள் ஒதுங்குவதாகும் எனச் சிலர் கருதலாம். உண்ண வைத்திருப்பவளிடம் கடவுளே எலும்பாகி இரந்து நிற்கும் அக்காட்சியிற் கடுமை குறைவு என்று மட்டும் எவரும் கூறமுடியாது. ஆடையற்ற மனித உடலைப் பார்த்து வரையும் பயிற்சியைக் கலாபவனத்தில் அனுமதியாதது அவரது கல்விமுறையின் உண்மையான குறை. உடற்கட்டைத் தாமே தேடிக் கற்க வேண்டிய நிலை மாணவர்க்கு இதனால் ஏற்பட்டது.

விழா அரங்குகளிலும் நாடக மேடைகளிலும் மாநாட்டுப் பந்தல்களிலும் ஆற்றலைச் சிதறவிட்டமையால், அவர் தீட்டியிருக்கக்கூடிய பேரோவியங்கள் பிறவாது போயின என்ற கருத்தும் உண்டு. இக்கருத்து ஓவியம் என்பதைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் பொருளாக மட்டுமே கொள்கிறது. 1939க்கும் 1946க்கும் இடையே பரோடாவின் கீர்த்தி மந்திரில் அவர் மாணவருடன் தீட்டிய சுவரோவியங்களும், விழா நாளிலேயே அழிந்துபோன கோலங்களும் அவருக்கு ஒரே தொழிலின் கூறுகளே.

இந்திய அரசியலமைப்பின் கையெழுத்துப் படியை அணிசெய்யும் பணியும் அவரிடமே வந்தது. பிரேம் பிகாரி நாராயண் ராய்சாதா கையால் எழுதிய அவ்வேட்டின் பகுதிகளுக்கு, சிந்துவெளி முத்திரை முதல் விடுதலைப் போராட்டம் வரையிலான 22 சித்திரங்களை நந்தலாலும் மாணவரும் அமைத்தனர். 1950 சனவரியில் உறுப்பினர் ஒப்பமிட்ட அவ்வேடு, முகப்புப் பக்கத்தின் அணிவேலையைத் தீட்டிய பியோகார் ராம்மனோகர் சின்ஹா போன்ற மாணவர்களின் கையையும் தாங்கியுள்ளது.

1951இல் விசுவபாரதி நாடாளுமன்றச் சட்டத்தால் மத்திய பல்கலைக்கழகமாயிற்று. நந்தலால் ஓய்வு பெற்றதும் அவ்வாண்டிலேயே. பட்டமும் தேர்வும் விதிமுறையும் கலாபவனத்துக்கு வந்தபோது, அவையின்றி அதனை நடத்தியவர் அங்கு இல்லை. 1954இற் பத்மவிபூஷண் விருது பெற்ற அவர், 1966 ஏப்பிரல் 16ஆம் நாள் கல்கத்தாவிற் காலமானார்.

கேரளத்தில் தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிற் பயில்கையில் 1942இன் போராட்டத்திற் சிறைசென்று, 1944இற் கலாபவனம் புகுந்த கே. ஜி. சுப்பிரமணியன், 1951 முதல் பரோடாப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பீடத்திற் கற்பித்தார். பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் ஒன்றினுள்ளே கைவினைஞரையும் பொம்மை செய்வோரையும் விழாச் சந்தையையும் கொண்டுவந்து, அவர் புதிய தலைமுறையொன்றைப் பயிற்றினார். 1980இற் கலாபவனத்துக்கே பேராசிரியராகத் திரும்பிய அவர், அங்குள்ள கட்டடமொன்றின் வெளிச்சுவர்கள் முழுவதையும் கறுப்பு வெள்ளையில் ஓவியமாக்கினார். காலத்தால் அது மங்கியபோது, எண்பது அகவையைக் கடந்த நிலையில், பழைய படத்தைப் புதுப்பிக்காது அதே சுவர்களிற் புதிதாக வேறொன்றைத் தீட்டினார்.